கோர்பசேவ் நிற்காத தேர்தல்

சோவியத் யூனியன் ஏன் உடைந்தது என்று கேட்டால் எண்ணெய் விலை, ஆப்கானிஸ்தான், செர்னோபில், அமெரிக்கச் சதி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கு என்னவோ 1990 மார்ச் 15 தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வரும். கோர்பசேவ் ஜனாதிபதியான நாள். வேட்பாளர் அவர் ஒருவர்தான். ஓட்டுப் போட்டது மக்கள் இல்லை, நாட்டின் உச்ச சட்டமன்றமான மக்கள் பிரதிநிதிகள் காங்கிரஸ். ஆதரவு 1,329, எதிர்ப்பு 495. ஒற்றை ஆள் நின்ற தேர்தலிலேயே இத்தனை எதிர் ஓட்டு!

அந்த நாட்டில் சட்டப்படி அதிகாரம் 'சோவியத்' என்ற மக்கள் மன்றங்களிடம், நடைமுறையில் கம்யூனிஸ்ட் கட்சியிடம். எந்த ஆலைக்கு யார் இயக்குநர், எந்த மாகாணத்துக்கு யார் செயலாளர் என்பதெல்லாம் 'நொமன்கிளாத்துரா' என்ற பட்டியலை வைத்துக் கட்சி அலுவலகம் முடிவு செய்வதுதான். 1985இல் பொதுச் செயலாளரான கோர்பசேவுக்கு இருந்த ஒரே பலம் அந்த எந்திரம், அவருடைய சீர்திருத்தத்துக்கு முட்டுக்கட்டை போட்டதும் அதே எந்திரம். சரி, அதை ஓரங்கட்டுவோம் என்று 1988இல் கட்சி மத்தியக் குழுவின் துறைகளை வெட்டினார், 1989இல் போட்டித் தேர்தல் நடத்தினார். ஆனால் காங்கிரஸின் 2,250 இடங்களில் கட்சிக்கென்று 100 ஒதுக்கி வைத்திருந்தார்கள் பாருங்கள், அவர் உள்ளே வந்தது அந்த நூற்றில் ஒருவராகத்தான். மாஸ்கோ கட்சித் தலைவராக இருந்து அவர் காலத்தில் பதவியிறக்கப்பட்ட யெல்ட்சினோ நேராக மக்களிடம் போய், மாஸ்கோ நகரம் முழுக்க ஒரே தொகுதியாக இருந்ததில் சுமார் 89 சதவீத ஓட்டோடு வந்து நின்றார்.

மார்ச் 15க்கு முந்தின நாள்தான், கட்சிக்குத் தலைமை உரிமை தந்த அரசியல் சட்டத்தின் 6ஆவது பிரிவைத் திருத்தினார்கள். அதாவது பழைய அஸ்திவாரம் போயிற்று, புதியது போடவில்லை. அன்று மக்களிடம் போயிருந்தால் ஜெயித்திருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. 1991 ஜூனில் யெல்ட்சின், சோவியத் யூனியனின் குடியரசுகளில் ஒன்றான ரஷ்யாவுக்கு, மக்களின் 57 சதவீத ஓட்டில் ஜனாதிபதி. ஆகஸ்டில் கோர்பசேவைக் கிரீமியாவில் அவருடைய ஃபோரோஸ் விடுமுறை மாளிகையில் அடைத்துவிட்டு ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தவர்கள் துணை ஜனாதிபதி யனாயெவ், பிரதமர், உளவு அமைப்பான கேஜிபியின் தலைவர், பாதுகாப்பு அமைச்சர், உள்துறை அமைச்சர். எல்லோரும் அவரே பொறுக்கியெடுத்த ஆட்கள்! துணை ஜனாதிபதி பதவிக்குக் காங்கிரஸில் நடந்த முதல் வாக்கெடுப்பில் யனாயெவ் தேறாமல் போனபோது, இவர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து இரண்டாவது வாக்கெடுப்பு நடத்த வைத்ததும் கோர்பசேவ்தான். பத்திரிகையாளர்கள் முன்னால் கை நடுங்க உட்கார்ந்திருந்தாரே, அதே யனாயெவ்.

மூன்று நாளில் அந்தக் கூத்து முடிந்தது. ஆனால் டாங்கி மேல் ஏறி நின்று பேசியவர் யெல்ட்சின். ஆகஸ்ட் 23 அன்று ரஷ்ய நாடாளுமன்றத்தில், கோர்பசேவ் பார்த்துக்கொண்டிருக்க, ரஷ்யக் கம்யூனிஸ்ட் கட்சியின் செயல்பாட்டை நிறுத்தும் ஆணையில் யெல்ட்சின் கையெழுத்துப் போட்டார். டிசம்பர் 25 அன்று கிரெம்ளினில் சோவியத் கொடி இறங்கியது.

கோர்பசேவ் ஜனாதிபதி பதவிக்கு மக்களிடம் நேராக ஓட்டுக் கேட்டு நின்றது 1996இல், ரஷ்யாவில். கிடைத்தது சுமார் அரை சதவீதம்.