பேட்டரி விற்க வந்த ஊர்

இலங்கையில் லித்தியச் சுரங்கம் கிடையாது. ஆனாலும் லித்தியத்தை நம்பித்தான் 2024-இல் கோயம்புத்தூரிலிருந்து கொழும்புக்குக் குடிவந்தேன். கூரைச் சோலார் தகடுகளுக்கான பேட்டரிகளை இறக்குமதி செய்து வீடுகளில் பொருத்தித் தரும் ஒரு சிறு நிறுவனத்தில் பொறியாளர் வேலை. பத்தரமுல்லையில் விசாவுக்கான அலைச்சல், வெள்ளவத்தையில் கடலுக்கு அருகே ஒரு மாடி வீடு, முன்பணம், கேஸ் சிலிண்டர் என்று தொடக்கக் கதையில் புதுமை ஒன்றும் இல்லை. வீட்டுக்காரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நாளே என்னைப் "பிள்ளை" என்று கூப்பிட்டார், நான் "அன்ரி" என்றேன். காலி வீதியில் தமிழை வைத்தே நாளை ஓட்டிவிடலாம். ஆனால் என்னோடு வேலைக்கு வரும் பையன்கள் சிங்களம் பேசுகிறவர்கள் என்பதால், திருப்புளி கேட்பதற்கும் ஏணியைப் பிடிக்கச் சொல்வதற்கும் வேண்டிய சிங்களம் தானாக வந்துவிட்டது.

ஊரைப் பழகிக்கொண்டது பிறர் வீட்டு மொட்டைமாடிகளில்தான். கோவையில் வாடிக்கையாளர் முதலில் விலை கேட்பார், பிறகு தள்ளுபடி கேட்பார். இங்கே முதல் கேள்வி, "இதை எத்தனை வருடம் பாவிக்கலாம்?" என்பது. காரணம் புரியச் சில மாதங்கள் ஆயின. 2015-ஐ ஒட்டி இந்த ஊருக்கு நிறைய மின்கார்கள் வந்தன, அவற்றுள் பல ஏற்கெனவே ஓடியவை. பேட்டரிக்குத் தனிக் குளிரூட்டல் இல்லாத வண்டிகள் இந்த வெக்கையில் சீக்கிரமே தளர்ந்தன. ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் ஓடும் தூரம் குறுகிக்கொண்டே போன அனுபவத்தை ஏதோ ஓர் அண்ணனோ மச்சானோ சொல்லக் கேட்காத குடும்பம் இங்கே குறைவு.

அடுத்த கேள்வி, "தீப்பிடிக்குமா?" இதற்கு நான் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்வேன், ஏனென்றால் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். வீட்டுக்கு நாங்கள் வைப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. நிக்கல், கோபால்ட் கலந்த வகையைவிடக் கனம் அதிகம். ஆனால் பாஸ்பேட்டில் ஆக்சிஜன் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் சூடேறினாலும் அது எளிதில் வெளியேறித் தீயை ஊட்டாது. காருக்குக் கனம் ஒரு பிரச்சினை. சுவரோரம் நிற்கும் பெட்டிக்கு என்ன? கொழும்பு போன்ற ஊருக்கு வேறு வகையை யாராவது மலிவாகத் தந்தாலும் நான் வாங்கமாட்டேன். இதன் பின்னால் ஒரு தமிழர் கதையும் இருக்கிறது. தென்தமிழ்நாட்டின் அமராபுரத்தில் பிறந்து மதுரையில் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980-களில் பேட்டரி ஆய்வாளர் ஜான் குடினஃபுடன் சேர்ந்து, சல்பேட் போன்ற கூட்டயனிகள் (பல அணுக்கள் சேர்ந்த அயனிகள்) கொண்ட மின்முனைகளை ஆராய்ந்தார். இரும்பு பாஸ்பேட் அந்த வழியில்தான் 1990-களில் வந்தது. 2019-இல் குடினஃபுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக உரையாற்றியவரும் மந்திரம்தான். இதைச் சொன்னால் வெள்ளவத்தை வீடுகளில் தேநீரோடு ஒரு துண்டு கேக்கும் சேர்ந்து வரும்.

அன்ரிக்குச் சுரங்கம்தான் புரியவில்லை. "லித்தியத்தை எங்கே தோண்டுகிறார்கள்?" என்றார். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் தோண்டுவதே இல்லை. நிலத்தடி உப்புநீரை இறைத்துப் பரந்த பாத்திகளில் விட்டு, ஓர் ஆண்டுக்கும் மேலாக வெயிலில் வற்றவைக்கிறார்கள். ஆனையிறவு உப்பளத்தைப் போல, ஆனால் வேண்டாத உப்பைப் பாத்தி பாத்தியாக ஒதுக்கிக்கொண்டே போய் மிஞ்சும் நீரில் லித்தியத்தைப் பிடிப்பார்கள் என்றேன். ஆனையிறவு என்றதும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. ஆஸ்திரேலியாவில் முறை வேறு. அங்கே ஸ்பாட்யுமின் என்ற பாறையை உடைத்துச் செறிவாக்கிக் கப்பலேற்றுகிறார்கள். அதில் பெரும்பகுதி சீனாவுக்குப் போய், 1,000 டிகிரிக்கு மேல் வறுபட்டு, கந்தக அமிலத்தில் கரைந்து லித்திய உப்பாகிறது. சுரங்கத்தில் ஆஸ்திரேலியா முதலிடம், சுத்திகரிப்பிலும் பேட்டரிச் செல் தயாரிப்பிலும் சீனா. எங்கள் பெட்டிகளும் அங்கிருந்துதான் வருகின்றன, கப்பலில். பயணிகள் விமானத்தில் லித்தியம் அயன் பேட்டரியைத் தனிச் சரக்காக ஏற்றுவதற்கு 2016 முதல் உலகெங்கும் தடை. கப்பலிலும் அது ஆபத்துச் சரக்கில் ஒன்பதாம் வகுப்பு. 2021-இல் இந்தத் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்ததைப் பார்த்த ஊர் இது. அந்தத் தீ பேட்டரியால் வந்ததல்ல, நைட்ரிக் அமிலக் கசிவோடு தொடர்புடையது. இருந்தாலும் ஆபத்துச் சரக்கு என்றால் இங்கே யாரும் அலட்சியமாகக் கையெழுத்துப் போடுவதில்லை. போடாமலிருப்பதே நல்லது.

2022-ஐப் பற்றிப் பேசாமல் கொழும்பில் பேட்டரி விற்க முடியாது. அந்த மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு. லிப்ட் நின்றதையும் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாததையும் அன்ரி இன்றும் கோபத்தோடுதான் சொல்கிறார். அப்போதே ஒரு பேட்டரி வாங்கியிருக்கலாமே என்று கேட்பது எளிது. அதே 2022-இல்தான் லித்தியம் கார்பனேட் வரலாறு காணாத உச்சத்தைத் தொட்டது. நவம்பரில் சீனச் சந்தையில் டன் ஏறக்குறைய 6 லட்சம் யுவான். இலங்கை ரூபாயோ டாலருக்கு 200-இலிருந்து சில மாதங்களில் 360 வரை சரிந்திருந்தது. ஊருக்குப் பேட்டரி மிகவும் தேவைப்பட்ட ஆண்டில் அதன் மூலப்பொருள் உச்ச விலையில், ஊரின் பணம் அடிமட்டத்தில். புதிய சுரங்கங்கள் திறந்து சரக்கு பெருகியதும் விலை மளமளவென்று இறங்கி, 2024 இறுதியில் டன் 1 லட்சம் யுவானுக்கும் கீழே வந்தது. எனக்கு இங்கே வேலை கிடைத்ததே அந்தச் சரிவால்தான். சுரங்கக்காரர்களின் துக்கம், என் சம்பளம்.

வேலைக்குப் போகிற இடங்களில் பேட்டரிக்கு வெளியே உள்ள லித்தியமும் எதிர்ப்படும். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகளில் அடுக்கியிருக்கும் கிரீஸ் டப்பாக்களில் பெரும்பாலானவை லித்தியம் சோப்பு கலந்தவை. கண்ணாடி, பீங்கான் தொழிலிலும் அது உண்டு. பம்பலப்பிட்டியில் ஓய்வுபெற்ற ஒரு மனநல மருத்துவர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "நான் இதை மாத்திரையாக எழுதிக்கொடுத்தவன்" என்று சிரித்தார். 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் மனவெழுச்சி நோய்க்கு அதைப் பயன்படுத்திக் காட்டியது முதல் இன்றுவரை அது மருந்துதான். செவன் அப் பானம் 1929-இல் வந்தபோது அதிலும் லித்தியம் சிட்ரேட் இருந்தது என்பதை அவர்தான் சொன்னார்.

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லி நாடே இருண்டது. ஏப்ரலில் நேர்மாறு: புத்தாண்டு விடுமுறையில் மின் தேவை குறையும், கூரைச் சோலாரைப் பகலில் அணைத்துவையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. வெயிலை வீணாக்கச் சொன்னதில் அன்ரிக்குக் கடும் ஆத்திரம். பகல் மின்சாரத்தை இரவுக்கு ஒத்திவைக்க ஒரு பெட்டி இருந்தால் இரண்டு தொல்லையும் தீரும் என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

ஐந்து யூனிட் சேமிக்கும் எங்கள் பெட்டி 50 கிலோ அளவில் இருக்கும். அதில் லித்தியம் அரைக் கிலோதான், எதிர் மின்முனையாக இருக்கும் கிராபைட் அதைப்போலப் பல மடங்கு. அந்தக் கிராபைட் இலங்கையில் இருக்கிறது. போகலவிலும் கஹட்டகஹவிலும் பாறை நரம்புகளிலிருந்து வெட்டி எடுக்கும் கிராபைட் உலகிலேயே மிகத் தூய்மையானது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஏற்றுமதியில் முன்வரிசையில் நின்ற நாடு இது. இன்று பேட்டரி மட்டும் முழுதாகச் செய்யப்பட்டு வெளியிலிருந்து வருகிறது. ஜம்மு காஷ்மீரின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியத் தாது என்று 2023-இல் அறிவித்ததும் கோவையிலிருந்து என் சித்தப்பா, "இனி நீ ஊருக்கே வந்துவிடலாம்" என்றார். ஏலத்துக்குப் போதிய ஆட்கள் வரவில்லை. மண்ணில் இருப்பது ஒன்று, அதைப் பிரித்தெடுக்கத் தெரிந்து முதல் போடுவது வேறொன்று.

அன்ரி கடைசியில் ஒரு பெட்டி வாங்கினார். கடற்காற்றில் முனைகள் துருப்பிடிக்கும் என்பதால் பால்கனி வேண்டாம் என்று உள்நடையில் பொருத்தினோம். பணத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "நீ கம்பனிக்குக் கட்டிவிடு பிள்ளை, நான் வாடகையில் கழித்துக்கொள்கிறேன்" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடுத்த விசா புதுப்பிப்பு வரைக்கும் எனக்கு வாடகை இல்லை.