தூக்குக்குள் இருந்த பர்மா நட்சத்திரம்

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் நல அமைப்பாளராக வேலை பார்த்த காலத்தில், ஓய்வூதியம், விதவை உதவி, பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை என்ற அன்றாடக் கோப்புகளுக்கு நடுவே, யாருடையது என்று தெரியாத பதக்கங்களும் அவ்வப்போது என் மேசைக்கு வரும். கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் குடும்பத்தார் அல்ல. அடகுக்கடைக்காரர்கள், பழைய பாத்திரம் வாங்குகிறவர்கள், வாங்கிய வீட்டின் பரணைச் சுத்தம் செய்தவர்கள்.

வேலூர் வட்டாரத்தில் இதில் வியப்பில்லை. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. வேலூர் மணிக்கூண்டில், இந்த ஊரிலிருந்து 1914-18 போருக்கு 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிர்விட்டார்கள் என்று கல்வெட்டு இருக்கிறது. அவர்களுடைய பதக்கங்கள் எங்கே போயின? முதல் உலகப்போரில் சண்டையிட்ட சிப்பாய்க்குக் கொடுத்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் அசல் வெள்ளி. பஞ்ச காலத்தில் எத்தனையோ உருகிப் போயிருக்கும். இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்கள் தப்பியதற்கு அவற்றின் மலிவே காரணம் என்று நினைக்கிறேன். 1939-45 போர்ப் பதக்கம் வெள்ளி போலத் தெரிந்தாலும் செம்பும் நிக்கலும் கலந்தது. அடகுக்கு எடுக்கமாட்டார்கள்.

அப்படித் தப்பிய மூன்றை ஒரு பழைய பாத்திரக்கடைக்காரர் கொண்டுவந்தார். எடைக்கு வாங்கிய பித்தளைத் தூக்கு ஒன்றின் மூடி இறுகிப்போயிருக்க, நெருப்பில் காட்டித் திறந்திருக்கிறார். உள்ளே துணியில் சுற்றி 1939-45 நட்சத்திரம், பர்மா நட்சத்திரம், போர்ப் பதக்கம். யார் விற்றார்கள் என்பது அவருக்கு நினைவில்லை. தூக்கையும் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னேன்.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குத் தந்த பதக்கங்களில் பெயர் கிடையாது. இந்தியச் சிப்பாய்களுக்குத் தந்தவற்றில் படை எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். நட்சத்திரத்தில் பின்பக்கம், வட்டப் பதக்கத்தில் விளிம்பு. ஆனால் நம் வீடுகளில் மஞ்சள் உலோகம் எதுவானாலும் புளி போட்டுத் தேய்ப்பார்கள். எழுத்துகள் மழுங்கியிருந்தன. பெயர் படிக்க முடிந்தது. வட ஆற்காட்டில் தெருவுக்கு ஒருவர் இருக்கக்கூடிய பெயர். எண்தான் ஆளைக் காட்டும். காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தும், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தும் பார்த்தோம். ஒன்றில் முன் இலக்கங்கள் தெரிந்தன, இன்னொன்றில் கடைசி இலக்கங்கள். மூன்றையும் சேர்த்ததில் முழு எண் கிடைத்தது. பிரிவு, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் ராணுவப் பொறியாளர் படை.

பெங்களூரில் அந்தப் படைப்பிரிவின் ஆவணப் பிரிவுக்கு எழுதினோம். ஓய்வூதியம் பெறாதவர்களின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். எஞ்சுவது ‘லாங் ரோல்’ என்னும் பேரேட்டில் ஒரு வரி. போர் முடிந்தபோது ஏறத்தாழ 25 லட்சம் பேராக இருந்த இந்தியப் படையில் பெரும்பாலோர் ஓய்வூதியமின்றித்தான் ஊர் திரும்பினார்கள். ஒரு மனிதன் பர்மாவில் பாலம் கட்டி, கண்ணிவெடி எடுத்து, மலேரியாவோடு திரும்பிவந்ததற்கு அரசிடம் மிஞ்சுவது ஒரு வரி என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கும். இருந்தாலும் அந்த வரியை மதிக்கக் கற்றிருக்கிறேன். சில மாதங்கள் கழித்து வந்த பதிலில் தந்தை பெயரும் ஊரும் இருந்தன: போளூர் வட்டம், வட ஆற்காடு.

வட ஆற்காடு இன்று இல்லை. 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. நாங்கள் தேடிய ஊர் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போய்விட்டது. இரண்டாம் உலகப்போரில் பணியாற்றி ஓய்வூதியம் பெறாதவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழக அரசு மாத உதவி தருகிறது. அந்தக் கோப்புகள்தான் இப்படிப்பட்ட தேடலில் எனக்குப் பெரிய துணை. திருவண்ணாமலை அலுவலகத்தில் விசாரித்தேன். அவர் மனைவி அந்த உதவியை வாங்கியிருக்கிறார். மனுவில் கணவரின் எண், கைநாட்டு, மகனுடைய முகவரி.

மகனுக்கு எழுபது வயதிருக்கும். பதக்கங்களின் படத்தைக் காட்டியதும், அவர் பேசுவதற்குள் அவர் மகன் முந்திக்கொண்டார். “எங்க தாத்தாது சார். எங்க வீட்டுக்குத்தான் வரணும்.” காகிதப்படி அவர் சொன்னது சரி. ஆனால் என்னை உறுத்திக்கொண்டிருந்தது தூக்கு. அதில் தந்தை பெயரின் முதலெழுத்தும் ஒரு பெண்ணின் பெயரும் வெட்டியிருந்தது, 1971 என்று ஆண்டும். கல்யாணச் சீர்ப் பாத்திரம். நம் ஆவணங்கள் அப்பன், மகன், பேரன் என்றே போகும். வீட்டுப் பொருள்கள் அப்படிப் போவதில்லை. அம்மாவிடமிருந்து மகளுக்கு, மகளோடு இன்னோர் ஊருக்குப் போகும். பதக்கங்களைத் தேடி வரும் பலர் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

தூக்கின் படத்தையும் காட்டினேன். பெரியவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா தூக்கு. கல்யாணத்துக்கு அம்மா வாங்கினது.”

“பதக்கம் அதுக்குள்ள எப்படிங்கய்யா போச்சு?”

“அம்மாதான் வச்சு அனுப்புச்சு. மழை தண்ணி இல்லாத வருசத்துல அப்பா வித்துடப் பாத்தாரு. யாரும் வாங்கல. அடுத்த தடவை எவனாவது வாங்கிடுவான்னு அம்மாவுக்குப் பயம்.”

மகன் பக்கம் திரும்பி, “அது அக்கா வீட்டுக்குத்தாண்டா. அம்மா குடுத்தத நாம கேக்கக் கூடாது” என்றார். மகன் அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை. பெரியவர் மறுத்திருந்தாலும் நான் அந்தப் பக்கம்தான் பேசியிருப்பேன். பட்டாளத்தில் இருந்தது பெரியவரின் அப்பா. பதக்கத்தைக் காப்பாற்றியது அந்த அம்மா.

அக்கா குடியாத்தத்தில் வாழ்க்கைப்பட்டவர்; காலமாகிவிட்டார். அவர் மகளைப் பெரியவரே போனில் பிடித்துக் கொடுத்தார். தாத்தா பட்டாளத்தில் இருந்தார் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அம்மா போன பிறகு தம்பி பழைய பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கினான் என்றார். தூக்குக்குள் ஏதோ இருந்தது அந்த வீட்டில் யாருக்குமே தெரியாது.

அலுவலகத்துக்கு மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். சாப்பர் என்றால் என்ன வேலை, பர்மாவில் எந்த இடம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எண்ணையும் பிரிவையும் வைத்து எனக்குத் தெரிந்த அளவு சொன்னேன். லாங் ரோல் பதிலின் நகல் இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தோம். கடைக்காரர் தூக்குக்குப் பணம் வேண்டாம் என்றார். அக்காவின் மகள் விடவில்லை. அன்றைய பித்தளை விலைக்கு எடைபோடச் சொல்லி, கொடுத்துவிட்டுத்தான் குடியாத்தம் பஸ் ஏறினார்.