ஆள்காட்டியும் கானமயிலும்

நீலகிரி மாவட்டத்து மசினகுடியைச் சுற்றி ஆடுமாடுகள் மேயும் சரளைத் தரையிலேயே ஆள்காட்டிக் குருவி முட்டையிடுகிறது. கூடு என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. சிறு பள்ளம், அதைச் சுற்றிக் கூழாங்கற்கள், கொஞ்சம் ஆட்டுப் புழுக்கை, நடுவே கூர்முனைகள் உள்நோக்கிய நான்கு முட்டைகள். அவை கல்லின் நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருப்பதால் இரண்டடி தொலைவில் நின்றாலும் எளிதில் கண்ணில் படுவதில்லை. வெயில் கடுமையானால், தாய்ப்பறவை அருகிலுள்ள நீரில் வயிற்றிறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின் மேல் அமர்கிறது. கரைப்பறவை இனத்தைச் சேர்ந்ததானாலும் ஆற்றங்கரையை மட்டும் நம்பி அது வாழ்வதில்லை.

புல்வெளியில் வாழும் பெரும்பறவையான கானமயிலும் (Great Indian Bustard) வெறுந்தரையில்தான் முட்டையிடுகிறது. அதனால்தான் நாயும் நரியும் அதை அழித்தன என்று சிலர் சொல்வதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை, ஏனெனில் ஆள்காட்டிக்கும் அதே ஆபத்துதான். முட்டைகள் பறிபோனால் ஆள்காட்டி மீண்டும் இட்டுவிடுகிறது. கானமயிலோ பெரும்பாலும் ஒரேயொரு முட்டைதான் இடும். தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் இருந்த அப்பறவையைத் துரைமார்களும் ஜமீன்தார்களும் வேட்டையாடிக் குறைத்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் எண்ணிக்கை சரிந்துகொண்டே போய், இன்று ஏறத்தாழ 150-க்குள் நிற்கிறது. அவற்றில் பெரும்பாலானவை இராஜஸ்தானின் ஜெய்சல்மர் பகுதியில் உள்ளன.

வேட்டையைவிடப் பெரிய கேடு, புல்வெளியைத் தரிசு என்று எண்ணியதுதான். நீலகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேல்மலைப் புல்வெளிகளில் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் நட்டு நிரப்பியதும் இதே எண்ணத்தில்தான். சமவெளியிலோ உழவும் பாசனமும், பின்னர் காற்றாலைகளும் சூரியமின் நிலையங்களும் புல்வெளிகளை எடுத்துக்கொண்டன. கானமயிலுக்கு நேர் எதிரே பார்க்கும் திறன் குறைவு. ஆண் பறவை 15 கிலோ வரை இருக்கும் என்பதால், மின்கம்பி கண்ணில் பட்டாலும் சட்டென்று விலகிப் பறக்க அதனால் முடிவதில்லை.

கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுசெல்லுமாறு 2021-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2024-இல் அதைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் விட்டது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2019 முதல் முட்டைகளை எடுத்துவந்து செயற்கையாகப் பொரிக்கவைத்து வளர்க்கும் குஞ்சுகளின் வழித்தோன்றல்களைத் திறந்துவிடக் கம்பியில்லாத புல்வெளி வேண்டும் என்பதால், கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுசெல்லும் வேலையே முதலில் முடிய வேண்டும் என்று நினைக்கிறேன்.