மசக்கைக்கு ஊசி போட்டுக்கொண்ட கதை

ஒன்பதாவது வாரம் அது. மசக்கை என்றால் காலையில் இரண்டு தடவை வாந்தி, புளிப்பாக ஏதாவது தின்னத் தோன்றும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். எனக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து தடவை. பக்கத்து வீட்டில் தாளிக்கிற சத்தம் கேட்டாலே போதும், வாசனை வருவதற்கு முன்னால் பாத்ரூமுக்கு ஓடிவிடுவேன். டாக்டர் எழுதிக் கொடுத்த டாக்சிலமைன் மாத்திரை உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. 52 கிலோ இருந்தவள் 48க்கு வந்துவிட்டேன், சிறுநீர் நாளைக்கு ஒரு தடவை, அதுவும் தேன் நிறத்தில். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "மசக்கைன்னா அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்து, தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் அது வெறும் மசக்கை இல்லை, ஹைபர்எமிசிஸ் என்று அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. எனக்கு இது ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் தெரியும்.

ராத்திரி பத்து மணிக்குக் கேஷுவாலிட்டிக்குப் போனோம். சிறுநீரில் பரிசோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்து, கீட்டோன் நிறைய இருக்கிறது, உடம்பு தன் கொழுப்பையே எரித்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். நரம்பு கிடைக்காமல் மூன்றாவது குத்தில்தான் வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்றும் சின்னக் குழாய், ஏறியது, சலைன் ஓட ஆரம்பித்தது. அம்மா "குளுக்கோஸ் ஏத்துங்களேன், பிள்ளை சாப்பிட்டு நாலு நாளாச்சு" என்று கெஞ்சினாள். பல நாள் சாப்பிடாத உடம்பில் வைட்டமின் பி1, அதாவது தயமின், தீர்ந்துபோயிருக்கும், அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்கே பாதிப்பு வரலாம் என்று டியூட்டி டாக்டர் பொறுமையாக விளக்கினார். அம்மாவிடம் அப்படி உட்கார்ந்து பேசியதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

அப்புறம் வாந்தியை நிறுத்த அந்த ஊசி. மெட்டோகுளோபிரமைடு 10 மில்லிகிராம், சின்ன ஆம்பூல், 2 மில்லி. சிஸ்டர் ஆம்பூலின் கழுத்தை டக்கென்று உடைத்து மருந்தை உறிஞ்சி, வென்ஃப்ளான் வழியாக ஒரே அழுத்தாக அழுத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பத்து வினாடிகூட ஆகியிருக்காது. கைக்குள் ஜில்லென்று ஏதோ முழங்கை வரை ஏறியது.

ஐந்து நிமிடம் இருக்கும். முதலில் கால். வலி இல்லை, அரிப்பும் இல்லை, ஆனால் காலை ஒரு இடத்தில் வைக்க முடியவில்லை. மடக்கினேன், நீட்டினேன், கட்டில் கம்பியில் பாதத்தை வைத்துத் தள்ளினேன். பிறகு அது மேலே ஏறி உடம்பு முழுக்கப் பரவி, தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினால்தான் நிம்மதி என்கிற மாதிரி ஒரு தவிப்பு. எழுந்து உட்கார்ந்தேன், படுத்தேன், ட்ரிப்பைப் பிடுங்கக் கை போனது. "ஏன்டி இப்படித் துடிக்கிறே" என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "முதல் குழந்தை இல்லையா, பயம், மூச்சை இழுத்து விடுங்கம்மா" என்றார். அந்தக் கால் மணி நேரம் நான் பைத்தியமாகிக்கொண்டிருக்கிறேன் என்று உண்மையாகவே நம்பினேன்.

டியூட்டி டாக்டர் திரும்பி வந்தவர் என் கால்களைப் பார்த்ததும் கேஸ் ஷீட்டை எடுத்தார். "பயம் இல்லம்மா, மருந்து பண்ற வேலை. இதுக்கு அகதீசியான்னு பேரு" என்றார். வாந்தியைத் தூண்டும் மூளைப் பகுதியில் டோபமைனைத் தடுப்பதுதான் அந்த மருந்தின் வேலையாம், ஆனால் அசைவைக் கட்டுப்படுத்தும் இடத்திலும் அது கை வைத்துவிடும், வேகமாக ஏற்றினால் இந்தத் தவிப்பு வரும் வாய்ப்பு இன்னும் கூடும். குறைந்தது மூன்று நிமிடம் எடுத்து ஏற்ற வேண்டிய மருந்து அது. இடுப்பில் புரோமெத்தசின் ஊசி ஒன்று போட்டார்கள், அரை மணியில் தூங்கிப் போனேன். அவர் அதற்குப் பெயர் சொன்ன நிமிடமே பாதி தவிப்பு போய்விட்டது என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

பத்து நாள் கழித்து மறுபடி அட்மிஷன். இந்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனதும் கணவர் முதல் வேலையாக மருந்தின் பெயரைச் சொல்லி, அது வேண்டாம் என்றார். வாந்திக்கு வேறு மருந்தாக ஆன்டான்செட்ரான் போடலாம் என்றார் மகப்பேறு டாக்டர். போடுவதற்கு முன்னால் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்: முதல் மூன்று மாதத்தில் இதை எடுத்தால் உதடு, அண்ணப் பிளவு வரும் வாய்ப்பு 10,000 குழந்தைகளுக்கு 11 என்பது 14 ஆகலாம் என்று ஓர் ஆய்வு சொல்கிறது, நீங்கள் இப்படியே பட்டினி கிடப்பதும் குழந்தைக்கு ஆபத்துதான், யோசித்துச் சொல்லுங்கள் என்று. யோசித்தோம். சரி என்றோம். ஈசிஜி எடுத்து, ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்த பிறகு, 4 மில்லிகிராமை 100 மில்லி சலைனில் கலந்து கால் மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். நான் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டு கால்களைக் கவனித்தபடி இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. லேசாகத் தலைவலி, இரண்டு நாள் மலச்சிக்கல், அவ்வளவுதான். சாயங்காலம் பாதி இட்லி, சர்க்கரை தொட்டு. அது உள்ளேயே தங்கியது. அம்மா தட்டைக் கழுவாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

பதினெட்டாவது வாரத்தில் வாந்தி தானாகக் குறைந்தது. பிரசவம் கடைசியில் சிசேரியன். தியேட்டரில் மயக்க மருந்து டாக்டர் "எதாவது மருந்து ஒத்துக்காதா?" என்று கேட்டார். அலர்ஜி இல்லை, ஆனால் இந்த ஊசி வேகமாகப் போட்டபோது இப்படி ஆனது என்று பெயரோடு சொன்னேன். "நல்ல வேளை சொன்னீங்கம்மா, இங்க எல்லாருக்கும் அதைத்தான் போடுவோம்" என்றபடி, ட்ரேயில் ஏற்றித் தயாராக இருந்த ஒரு சிரிஞ்சை எடுத்துத் தனியாக வைத்தார்.