பழைய கார் காயிலில் இருந்து உயர் அழுத்த நேர்த்திசை மின்சாரம்

பள்ளி அறிவியல் கண்காட்சி ஒன்றுக்குப் புகையைப் பிடிக்கும் குழாய் செய்துதர ஒப்புக்கொண்டிருந்தேன். அனல் மின் நிலையங்களில் நிலக்கரிச் சாம்பலைப் பிரித்தெடுக்கும் கருவியின் சிறிய மாதிரி அது. ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள உலோகக் குழாய், நடுவில் மயிரிழை போன்ற கம்பி, இரண்டுக்கும் இடையே பத்தாயிரம் வோல்ட்டை ஒட்டிய நேர்த்திசை (டிசி) மின்னழுத்தம். அதில் மின்னேற்றம் பெறும் புகைத் துகள்கள் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியர் கணக்கில் இருந்தாலே போதும். மாணவர்கள் சூழ்ந்து நிற்கும் மேசைக்கு வீட்டு மின்சாரத்தைக் கொண்டுவர எனக்கு மனமில்லை. 12 வோல்ட் பேட்டரி, பெட்ரோல் கார் எஞ்சினில் பொறிக்கு உயர் அழுத்தம் தரும் இக்னிஷன் காயில் ஒன்று, இவற்றை வைத்தே செய்வது என்று முடிவெடுத்தேன்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான் கடைகளில் தேடினேன். எனக்கு வேண்டியது எண்ணெய் நிரப்பிய உருளை வடிவக் காயில். அம்பாசடர் காலத்து வகை. கடையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். பேட்டரி இணையும் பிரைமரி சுருள் மூன்று ஓம், உயர் அழுத்தம் வெளிவரும் செகண்டரி சுருள் எட்டு கிலோ ஓம். நல்ல காயிலுக்கு உரிய அளவுகள்தான்.

பிரைமரிக்கும் செகண்டரிக்கும் சுற்றுகளின் விகிதம் ஏறக்குறைய 1:100. பேட்டரியை இணைத்துவிட்டால் 1,200 வோல்ட் வந்துகொண்டே இருக்கும் என்று இதைப் படித்துப் பலர் நினைக்கிறார்கள். வராது. மாறாத மின்னோட்டம் செகண்டரியில் எதையும் தூண்டாது. இணைக்கும்போது மின்னோட்டம் மெல்ல ஏறுகிறது, இரும்பு உள்ளகத்தில் காந்தப்புலமாக ஆற்றல் சேர்கிறது. துண்டிக்கும் கணத்தில் அந்தப் புலம் சரிகிறது. ஓடும் தண்ணீரைச் சட்டென்று அடைத்தால் குழாய் அதிர்வதைப் போல, பிரைமரியிலேயே 300 வோல்ட்டுக்கு மேல் எழும்புகிறது. அதன் நூறு மடங்குதான் செகண்டரியில் தெறிக்கும் இருபதாயிரம், முப்பதாயிரம் வோல்ட். ஆகவே இந்த வேலையில் முழுக் கவனமும் துண்டிப்பின் மேல் இருக்க வேண்டும்.

இதைக் கண்ணால் பார்ப்பதற்காகவே முதலில் காந்தத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே ஒன்றை, காயிலின் மின்னோட்டத்தைத் திரும்பத் திரும்பத் தானே வெட்டும்படி இணைத்தேன். ரிலே முனைகளிலேயே நீலப் பொறி நின்று எரிந்தது. உயர் அழுத்த முனையில் மெலிந்த பொறிதான் வந்தது. முனைகளுக்குக் குறுக்கே 0.22 மைக்ரோஃபேரட் கண்டன்சரை (கெபாசிட்டரின் பழைய பெயர்) சேர்த்ததும் நிலைமை தலைகீழானது. முனைகள் விலகும்போது அவற்றுக்கிடையே பொறி பற்றினால் மின்னோட்டம் அதன் வழியே ஓடிக்கொண்டே இருக்கும், புலம் சோம்பலாகத்தான் சரியும். கண்டன்சர் அந்தப் பொறியைத் தடுத்து வெட்டைக் கூர்மையாக்குகிறது. 1912 காடிலாக் கார்களில் வந்த கெட்டரிங்கின் இக்னிஷன் அமைப்பிலிருந்து, பாயிண்ட் எனப்படும் வெட்டு முனைகள் வைத்த கார்கள் எல்லாவற்றிலும் இந்தச் சிறிய டப்பா உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இதுதான். எவ்வளவு அழகான தீர்வு!

ரிலே நீண்ட நேரம் தாங்காது. ரிச்சி தெருவில் நேரக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் 555 ஐசியும், கார் இக்னிஷனுக்கென்றே தயாரிக்கப்படும் மின்னணு சுவிட்சான ஐஜிபிடி ஒன்றும் வாங்கினேன். இந்த வகை ஐஜிபிடி 400 வோல்ட் அளவில் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். மூன்று மில்லி விநாடி மின்னோட்டம், பிறகு வெட்டு, விநாடிக்கு ஐம்பது முறை. கணக்குப் போட்டால் ஒவ்வொரு வெட்டிலும் 30 மில்லி ஜூலுக்குச் சற்றுக் குறைவாகவே சேர்கிறது. மொத்தத்தில் ஒன்றரை வாட்டைத் தொடாது. வோல்ட் எவ்வளவு ஏறினாலும் பேட்டரி கொடுத்ததற்கு மேல் ஆற்றல் வராது. என் குழாய்க்கு அது தாராளம்.

வெளிவருவது துடிப்புகள், அதை நேர்த்திசையாக்க, மின்சாரத்தை ஒரே பக்கம் விடும் டயோடு வேண்டும். 1,000 வோல்ட் தாங்கும் சாதாரண டயோடு இங்கே நிற்காது. பழைய கறுப்பு வெள்ளை டிவிகளில் படக்குழாய்க்கு உயர் அழுத்தம் அனுப்பிய குச்சி டயோடுகள் இரண்டைத் தொடராக வைத்தேன். கார்களில் உயர் அழுத்த முனை நெகட்டிவாக இருக்கும்படியே காயிலை இணைப்பார்கள்; என் குழாய்க்கும் நடுக்கம்பி நெகட்டிவாக இருப்பதே நல்லது, பொறி பாயாமல் அதிக அழுத்தம் தாங்கும். செகண்டரியின் மறுமுனை காயிலுக்குள்ளேயே பிரைமரியோடு சேர்ந்திருப்பதால் பேட்டரியின் நெகட்டிவையும் குழாயின் சுவரையும் ஒன்றாக நிலத்தோடு இணைத்தேன்.

துடிப்புகளுக்கு இடையே அழுத்தம் சரியாமல் பிடித்து வைக்க டயோடுக்குப் பின்னால் சேர்க்கும் கெபாசிட்டரைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 500 பிகோஃபேரட்டோடு நிறுத்திக்கொண்டேன். அதே இடத்தில் ஒரு மைக்ரோஃபேரட் வைத்தால் 10,000 வோல்ட்டில் 50 ஜூல் தேங்கும். அது ஆளைக் கொல்லும். சிறியதாக இருந்தாலும் பேட்டரியைக் கழற்றிய பிறகு ரெசிஸ்டர் வைத்த கோலால் தொட்டு இறக்காமல் கை வைக்கவே கூடாது. சுமை இல்லாமல் ஓடினால் காயிலின் உட்காப்பு உடையும் என்பதால் அழுத்தம் எல்லை மீறினால் பொறியாகப் பாய்ந்து இறங்க ஒரு சென்டிமீட்டர் பாதுகாப்பு இடைவெளியும் வைத்தேன்.

அளப்பதற்கு 10 மெகா ஓம் ரெசிஸ்டர்கள் நூற்றைத் தொடராகப் பற்றவைத்தேன். மல்டிமீட்டரின் உள்தடையும் 10 மெகா ஓம் என்பதால் அது ஏறக்குறைய நூறில் ஒரு பங்கைக் காட்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனால் ஊகத்தில் வேலை செய்வதைவிட எவ்வளவோ மேல். மீட்டர் 90 வோல்ட் காட்டியது. அதாவது ஒன்பதாயிரத்துக்குச் சற்று மேல்.

ஊதுபத்திப் புகையைக் குழாயின் அடியில் விட்டேன். மேலே சுருண்டு வந்துகொண்டிருந்த புகை, சுவிட்சைப் போட்டதும் நின்றுபோனது. அணைத்தால் மறுபடியும் வந்தது. மாணவர்கள் மாறி மாறிப் போட்டுப் பார்க்கக் கேட்டார்கள்; சுவிட்சை நீண்ட ஒயரில், குழாய்க்கு எட்டாத தூரத்தில் வைத்துக் கொடுத்தேன். ஓசோன் வாடை வரும் என்பதால் அறையின் ஜன்னல்களைத் திறந்தே வைத்தோம். அரை மணி ஓட்டத்தில் காயில் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. குழாயின் உட்சுவரில் படிந்த பழுப்பு நிறப் பிசுக்கை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட்டு அடுத்த வகுப்பை உள்ளே விட்டார்கள்.