நெல் வயலில் வெயிலை அளந்த அனுபவம்

காவிரிப் படுகையில் நெல் ஆய்வு வயல்களில் வேலை பார்த்த காலத்தில் விவசாயிகள் திரும்பத் திரும்பக் கேட்டது இதுதான்: "இவ்வளவு வெயில் அடிக்குதே சார், அதுக்குத் தகுந்த மாதிரி நெல்லும் விளையணுமே?" நியாயமான கேள்வி.

நண்பகலில் நீளமான ஒளிமானிக் கோலைப் பயிருக்கு மேலே ஒரு தடவை, அடியில் தண்ணீருக்குச் சற்று மேலே ஒரு தடவை பிடிப்போம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஏறக்குறைய, பயிர் பிடித்துக்கொண்ட ஒளி. அப்புறம் குறிப்பிட்ட பரப்பில் பயிரை அறுத்து, 70 டிகிரி சூட்டில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி நிறுப்போம். பிடித்த ஒவ்வொரு மெகாஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு) ஒளிக்கும் எத்தனை கிராம் உலர் எடை கூடியது என்பதே ஒளிப் பயன்பாட்டுத் திறன். நல்ல நிலையில் உள்ள பிரிட்டன் பயிர்களுக்கு, மொத்தச் சூரியக் கதிர்வீச்சில், இது சுமார் 1.4 கிராம் என்று பிரிட்டன் பயிர்-வானிலை ஆய்வாளர் ஜான் மான்டீத் 1977-இல் எழுதினார்.

இந்த எண்ணை வெப்பநிலை இரண்டு பக்கமும் ஆட்டிவைக்கிறது. குளிர் அதிகமானால், இலையில் வேதிவினைகளை வேகப்படுத்தும் நொதிகள் மந்தமாகிவிடும். சூடு ஏறினால் நெல்லுக்கு வேறு சிக்கல். கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க வேண்டிய ரூபிஸ்கோ நொதி, சூட்டில் ஆக்சிஜனை அதிகமாகப் பிடிக்கத் தொடங்குகிறது. அதைச் சரிசெய்யவே பயிர் சக்தியைச் செலவிட்டு, பிடித்த கார்பனில் ஒரு பங்கையும் இழக்கிறது. மக்காச்சோளம், கரும்பு போன்றவை ரூபிஸ்கோவைச் சுற்றிக் கார்பன் டை ஆக்சைடைச் செறிவாகச் சேர்த்து வைப்பதால் இந்த இழப்பு மிகக் குறைவு. அதே வெயிலில் மக்காச்சோளம் நெல்லைவிட வேகமாக எடை போடுவதற்கு இது முக்கியமான காரணம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இரவுதான். பகலில் சேர்த்த மாவுச்சத்தில் ஒரு பகுதியைப் பயிர் இரவெல்லாம் சுவாசத்தில் எரிக்கிறது; இரவு சூடாக இருந்தால் எரிவது கூடும். பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவன வயல்களின் பதிவுகளை வைத்து 2004-இல் ஓர் ஆய்வு வந்தது. வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை 1 டிகிரி கூடினால் நெல் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைந்ததாக அது காட்டியது. பகல் உச்ச வெப்பத்துக்கு அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை. சுவாசம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் பகல் உச்சத்தை மட்டும் பார்த்துப் பயிரின் நிலையைக் கணிப்பது போதாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

திறன் குறைவதும் நாள் குறைவதும் ஒன்றல்ல. சூட்டில் பயிர் சீக்கிரம் பூத்து முற்றிவிடும். திறன் மாறாவிட்டாலும் ஒளி பிடிக்கக் கிடைக்கும் நாட்கள் குறைந்துவிடும். பூக்கும் நேரத்தில் கதிர்மட்டத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் கூடும். அது மூன்றாவது கணக்கு. மேகமூட்டம் திறனைச் சூட்டுக்கு நேர்மாறாக மாற்றும். ஐப்பசி, கார்த்திகையில் மொத்த ஒளி குறைவு, ஆனால் சிதறி வரும் ஒளி கீழ் இலைகளுக்கும் எட்டுவதால் மெகாஜூலுக்குக் கிடைக்கும் எடை கூடும்.

அதனால்தான் விதைப்பு நாளை முடிவு செய்யும்போது பூக்கும் வாரம் எங்கே விழுகிறது என்று முதலில் பார்க்கச் சொல்வேன். சோதனை வயல் ஒவ்வொன்றிலும் இரவு வெப்பத்தைப் பயிர் மட்டத்திலேயே பதிவு செய்ய வேண்டும். தொலைவில் உள்ள வானிலை நிலையத்தின் எண், தண்ணீர் கட்டிய வயலுக்குள் இருக்கும் சூட்டைச் சொல்லாது.