ஷார்த்ர் மாதா கோயிலும் அப்பாவின் கொத்தனார் கண்ணும்

பாரிஸ் மோன்பர்நாஸ் நிலையத்தில் ரயிலேறினால் ஷார்த்ர் ஊருக்கு ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூட. சமவெளிக்கு நடுவே முதலில் தெரிந்தது ஊர் அல்ல, இரண்டு கோபுரங்கள்தான். "ரெண்டும் ஒரே கை வேலை இல்லட்டி" என்றார் அப்பா. நாற்பது வருடம் தூத்துக்குடிப் பக்கம் கொத்தனாராக இருந்தவர். அவர் சொன்னது சரிதான். வழவழவென்று ஏறும் தெற்குக் கோபுரம் 12-ம் நூற்றாண்டு. வடக்குக் கோபுரத்தின் மரக்கூம்பு 1506-இல் இடி விழுந்து எரிந்துபோக, அதற்குப் பிறகு கல்லில் எழுப்பிய சித்திரவேலைதான் இப்போது நிற்கிறது.

நான் மாதாவைப் பார்க்க அவசரப்பட்டேன். அப்பாவோ கோயிலைச் சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் போய் நின்றுவிட்டார். சுவரிலிருந்து தள்ளி, தனியாக எழும்பிய பெரிய கல்தூண்கள். அங்கிருந்து சுவரின் மேல்பகுதிக்குத் தாவும் கல்வளைவுகள். இரண்டு வளைவுக்கு இடையே மாட்டுவண்டிச் சக்கரத்து ஆரங்கள் மாதிரி குட்டிக் குட்டித் தூண்கள்.

"முட்டுக் கொடுத்திருக்கான் பாரு. ஆர்ச்சுன்னா ரெண்டு பக்கமும் உதைக்கும். அந்த உதையை இங்க வாங்கிக்கிடுதான்."

உள்ளே போனதும் அவர் சொன்னது புரிந்தது. மேலே சுமார் 37 மீட்டர் உயரத்தில் கல்கூரை. குடைக்கம்பிகள் போலக் கல்விலா எலும்புகள் குறுக்கும் நெடுக்கும் ஓடி, பாரத்தையெல்லாம் தூண்களில் கொண்டுவந்து இறக்குகின்றன. அரைவட்ட வளைவாக இருந்தால் பக்கவாட்டில் அதிகம் தள்ளும். இங்கே உச்சி கூராக இருப்பதால் பாரம் பெரும்பாலும் கீழ்நோக்கியே வருகிறது. மிச்ச உதை வெளி முட்டுக்கு. அப்புறம் சுவருக்கு என்ன வேலை? அதனால்தான் சுவர் இருக்கவேண்டிய இடமெல்லாம் கண்ணாடி.

அந்த நீலத்தை எப்படிச் சொல்வது! தெற்குப் பக்கம், பீடத்தைச் சுற்றிப் போகும் பாதையில், குழந்தை இயேசுவை மடியில் வைத்த நீல மாதா. 1194-இல் கோயிலை அழித்த பெருந்தீயில் தப்பிய கண்ணாடி அது. வெயில் ஏறியபோது தரைக்கல்லில் நீலமும் சிவப்பும் விழுந்தன. ஜெபமாலையை எடுத்தேன், ஆனால் மூன்றாவது மணிக்கு மேல் எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது.

நல்ல சமாரியன் கதை சொல்லும் ஜன்னலின் அடியில் செருப்புத் தைப்பவர்கள் குனிந்து வேலை செய்கிறார்கள். அவர்கள் உபயம் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். நம் ஊரில் டியூப்லைட்டின் மேலேயே உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைப்பது ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

மாதா உடுத்திய துணி என்று போற்றப்படும் பட்டுத்துணி இங்கேதான் இருக்கிறது. 876-இல் சார்லஸ் அரசர் கொடுத்தது என்பார்கள். தீயில் அதுவும் போயிற்று என்று ஊரே அழுததாம். மூன்றாம் நாள் நிலவறையிலிருந்து பத்திரமாக வெளியே வந்ததாம். அந்தச் சந்தோஷத்தில் எழுப்பிய கோயில்தான் இது. 1260-இல் அரசர் ஒன்பதாம் லூயி முன்னிலையில் அர்ச்சிக்கப்பட்டது. துணிக்கு முன்னால் முழந்தாளிட்டபோது அம்மாவின் சேலையை நினைத்துக்கொண்டேன். அது என் பீரோவில் இருக்கிறது.

ஒரே ஏமாற்றம், ஜெபித்தபடி நடப்பதற்காகத் தரைக்கல்லில் வளைத்து வளைத்துப் பதித்த சுற்றுப்பாதை. கிட்டத்தட்ட 13 மீட்டர் அகல வட்டத்துக்குள் 260 மீட்டர் நடை. தவக்காலம் முதல் சகல புனிதர் திருநாள் வரை வெள்ளிக்கிழமைகளில் அதன்மேல் போட்டிருக்கும் நாற்காலிகளை எடுத்துவிடுவார்கள். நாங்கள் போனது வியாழன். நாற்காலிக் கால்களுக்கு இடையே ஒரு வளைவை மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்த்தேன்.

தூண்மேல் இருக்கும் மாதா சுரூபத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பினால் அப்பாவைக் காணோம். தேடிப் போனால் மறுபடி அதே தெற்குப் பக்கம். முட்டுத்தூணின் அடிக்கல்லைத் தொட்டு, விரலை முத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சென்ட்ரிங்குக்கே எவ்வளவு மரம் ஆயிருக்கும்!" என்றபடி நடக்க ஆரம்பித்தார்.